கொம்பும் காலும்

நூத்தி எண்பத்தி ஏழு முடிஞ்சிது, இன்னும் நூத்தி இருபத்தஞ்சு வரி கிடக்கு, மணி பத்தே முக்கால், பன்னெண்டுக்குள்ள முடிச்சிரலாம், முடிக்கலைன்னா அந்த ஆளு மறுபடியும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால நிப்பாரு, அவரு போட்டிருக்க சென்ட் வாசனை எனக்குத் தலைவலியை இழுத்துட்டு வரும். எங்க கம்பெனி வலைத்தளம் இன்னைக்குப் புது முகவரிக்குக் குடிபோகுது. பழைய முகவரியைத் தேடி வாரவங்களைப் புது இடத்துக்குத் திருப்பி விடணும், வீடு மாத்துனா தபால்காரர்ட்ட சொல்லிட்டு வருவோம்லா, அதே கதைதான், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. முந்நூத்தி ஒண்ணுன்னு போட்டா நிரந்தரமாப் போயாச்சுன்னு அர்த்தம், முந்நூத்தி ரெண்டுன்னா தற்காலிகம், திரும்பி வரலாம். கை பாட்டுக்கு முந்நூத்தி ஒண்ணு, முந்நூத்தி ஒண்ணுன்னு அடிச்சிக்கிட்டே போகுது, கண்ணு மட்டும் விசைப்பலகைக்குப் பக்கத்துல கிடக்க அழைப்பிதழ்லயே போய் விழுது. மஞ்சள் அட்டை, ஓரத்துல தங்க நிறக் கோடு. "எழுத்துமாற்றி கண்ட கோமதிநாயகம் அவர்களுக்குப் பாராட்டு விழா, மாலை நான்கு மணி." கண்டாராம். எங்க கண்டாரு? நான் ஒன்பது மாசம் கண்ணு எரிய எரிய உக்காந்து எழுதும்போது அந்தப் பக்கம் வந்து எட்டிக்கூடப் பாக்கலை, இப்போ கண்டுட்டாரு. பழைய எழுத்துருவுல அடிச்ச தமிழை இப்போ எல்லாரும் படிக்கிற எழுத்தா மாத்துற பக்கம் அது, பத்திரிகைக்காரன், வக்கீல் குமாஸ்தா, வாத்தியார்னு அம்புட்டுப் பேரும் தினமும் வந்து ஒட்டி ஒட்டி எடுத்துட்டுப் போறான். அதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி அந்த மனுசன் எழுதினதைக் காட்டச் சொல்லுங்க, நான் இந்த நாற்காலியை விட்டே எந்திரிச்சுப் போயிருதேன்.

வந்துட்டாரு. செருப்புச் சத்தம், அப்புறம் சென்ட், அப்புறம் ஆளு. இந்தக் கோமதிநாயகம்தான் எங்க பிரிவுக்குத் தலைவர், பாளையங்கோட்டையில கம்ப்யூட்டர்த் தமிழ்னு எங்க கூட்டம் போட்டாலும் முதல் வரிசையில உக்காருதவரு. "என்னம்மா பொற்கொடி, மதியத்துக்குள்ள ஆயிரும்லா? சாயந்திரம் மேடையில பெரிய திரை போட்டு நம்ம பக்கத்தைத் திறந்து காட்டப் போறாங்க." நம்ம பக்கமாம். "ஆயிரும் சார்." "பழைய சர்வர் கோப்பு எல்லாம் நேத்து குடுத்துட்டேன்லா, எதையும் போட்டு யோசிக்காத. அப்படியே எடுத்து அப்படியே வச்சிரு." "சரி சார்." "நீ விழாவுக்கு வரலியா? வந்தா நல்லாருக்கும், கைதட்டுறதுக்கு நம்ம ஆபீஸ் ஆளு நாலு பேரு வேணும்லா." சிரிக்காரு. நானும் சிரிச்சேன், சவத்தெழவு, இந்த வாய் எதுக்குத்தான் சிரிக்குதோ. கைதட்டணுமாம். நாலு வருசத்துக்கு முன்னால பக்கத்தை வெளியிடுறதுக்கு முந்தின நாள், எம்பேரும் போடணும் சார்னு அவரு மேசைக்கு முன்னால நின்னு கேட்டேன், ஒரே தடவைதான் கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து செய்யுத வேலைல தனியாப் பேரு கேக்கியே, உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" அறையில இருந்த மூணு பேரும் சிரிச்சாங்க. நான் நகரலை. அப்புறம் அவராவே, "சரி சரி, அடியில போட்டுக்கோ"ன்னாரு. போட்டுக்கிட்டேன். "உருவாக்கம்: பொற்கொடி." ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும்.

அந்த ஒரு வரியை வச்சுத்தான் இத்தனை நாளும் ஓட்டுனேன். அவரு மேடைக்கு மேடை போய் நான் நான்னு பேசும்போதெல்லாம், பேசட்டும், பேசி வாய் வலிக்கட்டும், வீட்டுக்குப் போய் பக்கத்தைத் திறக்கிறவன் அடியில என் பேரைத்தானே பாப்பான்னு நினைச்சுக்கிடுவேன். ஆனா இந்த மஞ்சள் அட்டையைப் பாத்ததுல இருந்து அது போதலை. வயிறு எரியுது. ஏதாவது செய்யணும். என் கையில இப்போ சர்வர் இருக்கு, முழுசா இருக்கு, அவரே குடுத்தது. கோமதிநாயகத்தோட படம் போட்ட பக்கத்தைத் தேடி வாரவனை எங்க அனுப்பலாம்? மூலம் பௌத்திரம் விளம்பரத்துக்கு அனுப்பலாம். எருமைமாட்டுப் படத்துக்கு அனுப்பலாம், எருமை பாவம். முந்நூத்தி ஒண்ணுன்னு போட்டு, இப்படி ஒரு ஆளே கிடையாதுங்கிற வெறும் பக்கத்துக்கு நிரந்தரமா அனுப்பலாம். ஆனா அவரு தினமும் காலையில வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் மொதல்ல திறந்து பாப்பாரு, கண்ணாடி பாக்குத மாதிரி, உடனே பிடிச்சிருவாரு. அதுக்கும் வழி இருக்கு. வெளிய போற பக்கத்துல ஒரு சொல்லைத் தேடி அதை வேற சொல்லா மாத்தி அனுப்பச் சொல்லலாம், வடிகட்டின்னு சொல்லுவோம், அதுக்கு நிபந்தனையும் போடலாம். பாக்கிறது யாரு, எங்க இருந்து பாக்கான்னு கேட்டுட்டு அதுக்குத் தக்கன காட்டும். எங்க ஆபீஸ் இணைப்புக்கு ஒரு எண் இருக்கு. இந்த எண்ணுல இருந்து வராத ஆளுக்கு மட்டும் 'கோமதிநாயகம்'ங்கிறதை எடுத்துட்டுத் 'திருட்டு மூதி'ன்னு காட்டுன்னு எழுதினா, ஆபீஸ்ல உக்காந்து அவரு பாத்தா எல்லாம் சரியா இருக்கும், ஊரு உலகம் பாத்தா மூதி. எழுதியே பாத்துட்டேன். ரெண்டே வரி. 'அல்லாத'ங்கிறதுக்கு சர்வர் மொழியில ஒரு ஆச்சரியக்குறி, எண்ணுக்கு முன்னால அதைப் போடணும், போட்டேன். படிச்சுப் பாத்தா இனிக்குது. ரெண்டு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், அப்புறம்தான் யோசிச்சேன். சர்வர் சாவி இன்னைக்கு என்கிட்ட மட்டுந்தான். யாரு செஞ்சான்னு கேக்க ஒரு நிமிஷம் ஆவாது. நான் ஒம்போது மாசம் உழைச்சது போய், பொறாமை பிடிச்சவ மூதின்னு எழுதினாங்கிறதுதான் நிக்கும். அழிச்சிட்டேன். அழிச்சதும் மறுபடி ஆத்திரம். அ-வைத் தேடுனா ஆ-வுக்குப் போ, ஆ-வைத் தேடுனா அ-வுக்குப் போன்னு தெரியாத்தனமா எழுதிட்டா உலாவி சுத்திச் சுத்திக் கடைசியில என்னால ஆவாதுன்னு கையை விரிச்சிரும். அப்படித்தான் இருக்கு மண்டைக்குள்ள.

இருநூத்தி பத்து. இருநூத்தி பதினொண்ணு. வேற எதையாவது நினைப்போம். காலையில வந்த அந்த டீச்சர் கடிதத்துக்குப் பதில் போடணும். சங்கரன்கோவில்ல இருந்து இசக்கியம்மாள்னு ஒரு தமிழ் டீச்சர் எழுதியிருக்காங்க. "உங்கள் உதவிப் பக்கத்தின் அடியில் உருவாக்கம் பொற்கொடி என்று இருக்கிறது. மற்ற பக்கங்களில் எல்லாம் கோமதிநாயகம் என்று இருக்கிறது. மாணவிகள் கட்டுரையில் எந்தப் பெயரை எழுதட்டும்?" படிச்சதும் சிரிப்புத்தான் வந்துச்சு. எல்லாப் பக்கத்துலயும் எம்பேருதான் இருக்கு, நான் தினமும் பாக்குதேன், இந்தம்மா வேற எதையோ பாத்துட்டுக் குழப்பிக்கிட்டு எழுதுதாங்க. எங்கப்பா மாதிரி. அப்பாவும் இப்படித்தான். பக்கம் வெளிவந்து ரெண்டு மாசம் இருக்கும், கண்டக்டர் வேலையில இருந்து ஓய்வு வாங்கியிருந்த நேரம், டெப்போவுக்குப் போய் கூட்டாளிக நாலு பேரைக் கூட்டி வச்சு எம்மக செஞ்சதுன்னு போன்ல திறந்து காட்டியிருக்காரு. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழத்தலை. "யம்மா பொற்கொடி, உம்பேரு அதுல இல்லியேம்மா. யாரோ கோமதிநாயகம்னுல்லா போட்டிருக்கு." அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல என்னவோ எரிச்சல். "கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்கப்பா! ஒழுங்காப் பாக்கத் தெரியாம ஊரெல்லாம் கூட்டி வச்சு ஏன் என் மானத்தை வாங்குதீங்க?" மறுநாள் ஆபீஸ்ல வச்சு அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சு அவரு போனுக்கு அனுப்பினேன், வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு. சாயந்திரம் போனா மெதுவாச் சொன்னாரு, "ஆமாம்மா, இருக்கு. எங்கண்ணுதான் சரியில்ல." அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போய் சொட்டு மருந்து விட்டு மணிக்கணக்கா உக்காந்து சோதிச்சுட்டு வந்தாரு. பார்வை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நம்பாம, சண்டை போட்டு, ஒரு புதுக் கண்ணாடி வாங்கிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்தைப் பத்தி அவரு பேசினதே இல்ல. கோமதிநாயகம். அப்பாவும் அதே பேரைத்தானே சொன்னாரு? அப்பாவுக்கு எங்க மேலதிகாரி பேரு அப்போ தெரியாதே.

கை நின்னுட்டு. வேண்டாம், அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, வேலையைப் பாரு. பழைய கோப்புல திருப்புற வரியெல்லாம் இங்க இருக்கு, அதுக்குக் கீழ இன்னொரு கோப்பைக் கூப்பிடுதே, அது என்ன? பழைய சர்வரை அவருதான் வச்சிருந்தாரு, நேத்துவரைக்கும் எனக்கு அதுக்குள்ள போக அனுமதி கிடையாது. திறந்தேன். சின்னக் கோப்பு. மேல ஒரு குறிப்பு, 'தற்காலிகம்'. அதுக்குக் கீழ ஒரு நிபந்தனை. எங்க ஆபீஸ் எண். அதுக்கு முன்னால ஒரு ஆச்சரியக்குறி. இந்த எண்ணுல இருந்து வராத ஆளுக்கு மட்டும் 'பொற்கொடி'ங்கிறதை எடுத்துட்டு 'கோமதிநாயகம்'னு காட்டு. கால் மணி நேரத்துக்கு முன்னால நான் எழுதி அழிச்ச அதே ரெண்டு வரி. பேரு மட்டும் வேற. போன்ல ஆபீஸ் வைஃபையை அணைச்சிட்டு சொந்த இணைப்புல பக்கத்தைத் திறந்தேன். உருவாக்கம்: கோமதிநாயகம். கம்ப்யூட்டர்ல பாத்தேன். உருவாக்கம்: பொற்கொடி. போனைப் பாத்தேன், கம்ப்யூட்டரைப் பாத்தேன். நாலு வருசமா எனக்கு மட்டும் என் பேரைக் காட்டியிருக்கான். எனக்கும், இந்த மாடியில இருக்க பத்துப் பேருக்கும். வீட்டுல இருந்து வேலை பாத்தாலும் ஆபீஸ் இணைப்பு வழியாத்தான் போவேன், சொந்தப் போன்ல சொந்தப் பக்கத்தை எவ உக்காந்து பாப்பா? குழந்தைக்கு வாயில வெறும் ரப்பரைக் குடுத்து அழுகையை நிப்பாட்டுவாங்கள்ல, அந்த மாதிரி எனக்கு ஒரு வரி. நாசமாப் போறவன். அப்பா கண்ணு நல்ல கண்ணு. அய்யோ, அந்த மனுசன் கண்ணு நல்ல கண்ணுதானே.

அந்தக் கோப்போட தேதியைப் பாத்தேன். பக்கம் வெளிவந்த மறு மாசம் எனக்கு மஞ்சக்காமாலை வந்து ஒம்போது நாள் படுத்திருந்தேனே, அதுல நாலாவது நாள். அன்னைக்கு அந்த ஆளு போன் பண்ணி, "நல்லா ஓய்வெடும்மா, இங்க நான் பாத்துக்கிடுதேன்"ன்னாரு. சாயந்திரம் ஆபீஸ் டிரைவர்ட்ட ஆறு இளநீர் குடுத்தனுப்புனாரு, எம்மேலதிகாரின்னா மேலதிகாரின்னு நான் பெருமையடிச்சேன், அப்பா வெட்டிக் குடுக்கக் குடுக்கக் குடிச்சேன். பாத்துக்கிட்டாரு, நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு. சரி, எல்லாப் பக்கத்துலயும் எம்பேரை அழிச்சவன் உதவிப் பக்கத்துல மட்டும் ஏன் விட்டான்? அதையும் திறந்து நோண்டினேன். பாத்ததும், ஆமா, சிரிச்சிட்டேன், சத்தமாவே சிரிச்சிட்டேன், பக்கத்து மேசையில திரும்பிப் பாத்தாங்க. 'பொ'ன்னு எழுதணும்னா ப-வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். கம்ப்யூட்டர்ல அதை ரெண்டு விதமா வைக்கலாம், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியா, இல்ல கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியா. கண்ணுக்கு ஒரே எழுத்துத்தான், ஒரு வித்தியாசமும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற சொல்லு. உதவிப் பக்கத்தை நான் வீட்டுப் பழைய கணினியில அடிச்சேன், அது கொம்பைத் தனியாவும் காலைத் தனியாவும் வச்சிருக்கு. இவன் சேர்த்து எழுதின பொற்கொடியை மட்டும் தேடச் சொல்லியிருக்கான், அதனால இந்தப் பொற்கொடி தப்பிச்சிட்டா. எழுத்துமாற்றி செய்யுற மொத வேலையே அதுதான்யா! பிரிஞ்சு கிடக்க கொம்பையும் காலையும் சேர்க்கிறது. அதுக்குத்தான் எனக்கு மொத மூணு மாசம் போச்சு. எழுத்துமாற்றி கண்டவனுக்குக் கொம்பும் காலும் தெரியலை. எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்குன்னு கேட்டீங்கள்ல சார், ஆமா, முளைச்சிருக்கு, எம்பேருல ரெண்டு கொம்பு இருக்கு, ஒண்ணைக்கூட உங்களுக்கு ஒழுங்காப் பிடிக்கத் தெரியலை.

பதினொண்ணே கால். என்ன செய்ய? முதலாளிட்டப் போய்ச் சொல்லலாம், ஏதோ தவறுதலா நடந்திருக்கும்மான்னு ரெண்டு பேரையும் உக்கார வச்சு டீ வாங்கிக் குடுப்பாரு. இந்த ரெண்டு வரியையும் அழிச்சிரலாம், அழிச்சா நியாயம், எல்லாருக்கும் எம்பேரு தெரியும். ஆனா கிளம்புறதுக்கு முன்னால அவரும் பாப்பாரு, மேடையில எம்பேரு வந்திரக் கூடாதுன்னு மாத்தச் சொல்லுவாரு. அதுவுமில்லாம, நியாயம் மட்டும் எனக்குப் போதலை. உண்மையைச் சொல்லுதேன், போதலை. நான் நாலு வருசம் நம்பிக்கிட்டு இருந்த மாதிரி அவரும் நம்பணும், நாலு மணி நேரமாவது நம்பணும். பொன்னாடையைப் போத்திக்கிட்டு, பெரிய திரையைப் பாத்துத் திரும்பணும், திரும்பும்போது அந்த மூஞ்சி எப்படிப் போகுதுன்னு இப்பவே எனக்குத் தெரியுது. அப்படியே எடுத்து அப்படியே வையின்னாரு. வச்சேன். தேதி மாறாம பழைய கோப்புல ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பிக்கிட்டேன், நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணும்லா. புதுசுல வச்ச கோப்புல ஒரே ஒரு குறியை மட்டும் எடுத்தேன், அந்த ஆச்சரியக்குறியை. இப்போ ஆபீஸ் எண்ணுல இருந்து வாரவனுக்கு மட்டுந்தான் கோமதிநாயகம், மத்த உலகத்துக்கு எல்லாம், அந்த மேடைத் திரைக்கும், பொற்கொடி. எழுதினதும் நானே வேண்டாம்னு ஒரு தடவை நினைச்சேன், வேலை போயிருமேன்னு நினைச்சேன், முப்பத்தி நாலு வயசுல புதுசா எவன்ட்டப் போய் நிக்கன்னு நினைச்சேன். அப்பா சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்திருப்பாரேன்னு நினைப்பு வந்துச்சு. போனாப் போகுது வேலை. அப்புறம் இன்னொண்ணும் செஞ்சேன். அடியில இருக்க பேரோட எழுத்தை நாலு மடங்கு பெருசாக்கினேன்.

மிச்ச வரியெல்லாம் எப்படி முடிஞ்சுதுன்னே தெரியலை, முந்நூத்தி ஒண்ணு, முந்நூத்தி ஒண்ணு, எல்லாம் நிரந்தரம், ஒண்ணுகூடத் தற்காலிகம் இல்ல. பன்னெண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது புது முகவரியைத் திறந்து விட்டேன். செருப்புச் சத்தம், சென்ட். வேட்டி சட்டைக்கு மாறிட்டாரு. என் தோளுக்கு மேல குனிஞ்சு பாத்தாரு. உருவாக்கம்: கோமதிநாயகம். அவரு பாத்தது அவரோட பேரை, நான் பாத்தது அவரு மூஞ்சியை. அந்தப் பேரு இந்த நாற்காலியில இருந்து பாத்தா வரக்கூடாதே, எப்படி வருதுன்னு ஒரு நொடியாவது யோசிப்பாருன்னு பாத்தேன். யோசிக்கலை. வச்சதையே மறந்துட்டாரு போல, பொய்யைத் தினமும் சொல்லிச் சொல்லி அவருக்கே உண்மையாயிட்டு. "என்னம்மா, எழுத்து இம்புட்டுப் பெருசா இருக்கு?" "மேடையில கடைசி வரிசைக்கும் தெரியணும்லா சார்." பல்லு தெரியச் சிரிச்சாரு. "உனக்கு விவரம் இருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்குலா?" "அப்படியே இருக்கு சார்." "வந்திருவல்லா?" "வந்திருவேன் சார். முன்னால உக்காந்து கைதட்டுவேன்." போயிட்டாரு. படியில இறங்கிப் போற சத்தம், கீழ கார்க் கதவு சாத்துற சத்தம்.

வைஃபையை அணைச்சிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, சாப்பிட உக்காந்திருப்பாரோ. எடுத்துட்டாரு. "என்னம்மா, இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?" "ஒண்ணும் இல்லப்பா. நான் செஞ்ச அந்த எழுத்துப் பக்கம் இருக்குல்லா, அதை உங்க போன்ல திறங்க." மெதுவா, "அது இருக்கட்டும்மா, நான் என்னத்தைப் பாக்கப் போறேன்"ங்காரு. "திறங்கப்பா. ஒரு தடவை." "சரி, இரு. கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியலை, எடுத்துட்டு வந்திருதேன்." நான் விடலை. "கண்ணாடி வேண்டாம்ப்பா. அப்படியே பாருங்க."